பதவி உயர்வு தேடும் படைவீரருக்கு

ஏழு ஆண்டு பணி முடித்த ஒரு படைவீரர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. உடல் தகுதித் தேர்விலும் துப்பாக்கி சுடுவதிலும் அவர், பல பிரிவுகள் சேர்ந்த படை அலகான தம் கம்பெனியில் முன்வரிசையில் இருக்கிறார். அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை. அண்மையில் ஒரு பிரிவின் தலைவராகவும் ஆக்கப்பட்டிருக்கிறார். ஆனால் நேற்றுவரை அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்த நண்பர்கள் இன்று அவர் சொல்வதை அரைமனத்தோடுதான் செய்கிறார்கள். அவரைவிடச் சுமாராகச் சுடுபவர்கள் சிறப்புப் பயிற்சிகளுக்கும் அடுத்த பதவிக்கும் தேர்வாகிறார்கள். பழைய நண்பர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது, எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது, கமிஷன் பெற்ற (லெப்டினன்ட் முதலான உயர்பதவிகளுக்கு நியமனம் பெற்ற) அதிகாரியாக முயல்வது பயன் தருமா என்று கேட்கிறார்.

மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். அவர் இன்னும் தம்முடைய மதிப்பெண்ணைக் கொண்டே தம்மை அளந்துகொண்டிருக்கிறார். படையோ, பிரிவைக் கையில் கொடுத்த நாளிலிருந்து, அவருக்குக் கீழே உள்ள எட்டு அல்லது பத்துப் பேரின் மதிப்பெண்ணைக் கொண்டு அவரை அளக்கத் தொடங்கிவிட்டது. பதவி உயர்வுக்கான கோப்பை மேலே இருப்பவர்கள் புரட்டும்போது, அவர் எவ்வளவு நன்றாகச் சுடுகிறார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். அவரிடம் வந்து சேர்ந்தபோது தடுமாறிக்கொண்டிருந்தவர் இப்போது எப்படிச் சுடுகிறார், அவர் விடுப்பில் போன வாரத்தில் அந்தப் பிரிவு எப்படி நடந்துகொண்டது என்பவைதாம் அடுத்த பதவிக்கு அவர் தகுதியானவரா என்பதைக் காட்டும். எனவே, இந்தக் கட்டத்தில் ஒரு படைவீரர் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டிய திறமை, தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கற்றுத் தருவது என்றே நான் கருதுகிறேன். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கற்றுத் தருவதன் ஆற்றலுக்குப் படை வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு. 1778 பிப்ரவரியில், பிரஷ்யப் படையில் பணியாற்றிய ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபொன் ஸ்டாய்பென், பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை குளிரிலும் நோயிலும் வாடிக்கொண்டிருந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் படையில், பல கம்பெனிகள் கொண்ட ரெஜிமென்ட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அணிவகுத்தது. அதிகாரிகள், பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றி, டிரில் (அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி) கற்பிப்பது கீழ்நிலைத் தலைவரான சார்ஜண்டின் வேலை என்று விலகி நின்றனர். ஸ்டாய்பென் ஏறத்தாழ 100 பேர் கொண்ட ஒரு மாதிரிக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தாமே கையில் துப்பாக்கியை ஏந்தி, ஒவ்வொரு அசைவையும் செய்துகாட்டினார். ஆங்கிலம் சரியாக வராததால் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேச வேண்டியிருந்தது. அவரிடம் கற்றவர்கள் தத்தம் ரெஜிமென்டுகளுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தனர். அதே ஆண்டு ஜூனில் மொன்மத் களத்தில் அந்தப் படை பிரிட்டிஷ் படைக்கு எதிரே குலையாமல் நின்று போரிட்டது.

ஸ்டாய்பென் பின்னர் ஐரோப்பாவில் இருந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன செய்தி இன்றும் எந்தப் பிரிவுத் தலைவருக்கும் பொருந்தும். உங்கள் ஐரோப்பிய வீரரிடம் ‘இதைச் செய்’ என்றால் அவர் செய்துவிடுகிறார். இங்கே நான் ‘இதை ஏன் செய்ய வேண்டும் என்றால்’ என்று காரணத்தைச் சொன்ன பிறகே வீரர் செய்கிறார் என்பது அதன் கருத்து. அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளாமல், அந்த வீரர்களுக்கு ஏற்ற முறையாகவே கொண்டார். 1779இல் அவர் உருவாக்கித் தந்த படை விதிமுறைகளில், ரெஜிமென்டின் தலைவர் முதல் சார்ஜண்டுக்குக் கீழே உள்ள கார்ப்பரல், சாதாரண வீரர் வரை ஒவ்வொருவரின் கடமையும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. தாம் எதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் அறிந்த கார்ப்பரல், கம்பெனித் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இதைப் பிரிவு அளவில் எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரவு நேரத்தில் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு நடக்கும் பயிற்சியில், பெரும்பாலான பிரிவுத் தலைவர்கள் திசைகாட்டியைத் தாமே வைத்துக்கொள்கிறார்கள். வேலை விரைவில் முடிகிறது, மேலதிகாரியும் மகிழ்கிறார், பிரிவு எதையும் கற்பதில்லை. அதற்கு மாறாக, பிரிவிலேயே திசை அறிவதில் மிகவும் தடுமாறுபவரிடம் திசைகாட்டியைக் கொடுங்கள். முந்தைய நாள் பகலில், அளந்து குறித்த 100 மீட்டர் தூரத்தில் அவரை நடக்கவைத்து, இடது கால் எத்தனை முறை தரையில் பதிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சமதளத்தில் பலருக்கும் அது 60க்கும் 70க்கும் இடையில் இருக்கும்; மேட்டில் ஏறும்போதும், இருட்டிலும், முதுகில் சுமை இருக்கும்போதும் எண்ணிக்கை கூடும் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கியின் இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டியின் முள் விலகும் என்பதைச் சொல்லாமல், துப்பாக்கியைப் பக்கத்தில் கொண்டுசென்று அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்யுங்கள். இரவில் அவர் முன்னே செல்லட்டும். நீங்கள் மூன்றாவது ஆளாக நடந்து, உங்கள் கணக்கை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விலகினால் குறுக்கிடுவது என்பதை, 100 மீட்டர் என்றோ 150 மீட்டர் என்றோ, புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டு அதுவரை வாய் திறக்காமல் இருக்க வேண்டும். திறமைசாலியான வீரருக்கு இந்த மௌனம்தான் பயிற்சியிலேயே மிகக் கடினமான பகுதி.

பயிற்சி முடிந்ததும் அதை அலசுவது அடுத்த வேலை. 1970களில் அமெரிக்கத் தரைப்படையில் உருவாகி, பின்னர் கலிபோர்னியாவில் ஃபோர்ட் இர்வின் தேசியப் பயிற்சி மையத்தில் நிலைபெற்ற ஒரு முறை இன்று பல நாட்டுப் படைகளிலும் வழங்குகிறது. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்ற நான்கு கேள்விகளே அதன் சட்டகம். இதில் பதவி வேறுபாடு பேச்சைத் தடுக்கக் கூடாது. பிரிவுத் தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பிரிவுக்குப் பதினைந்து நிமிடம் போதும். யார் தவறு செய்தார் என்று தேடத் தொடங்கினால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை.

இனி நண்பர்களைப் பற்றி. அவர்கள் அரைமனத்தோடு கீழ்ப்படிவதற்குப் பொறாமை ஒரு காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் அது சிறிய காரணமே. புதிய தலைவர் தங்களிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாததும், அவருக்கே இன்னும் அது தெளிவாகாததும்தான் பெரிய காரணம். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து, நேற்றுவரை இருந்த நட்பு உண்மை என்பதையும், இனிப் பணியில் சலுகை கிடையாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. இரவுக் காவல் முறைப்பட்டியலை எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். வாய்மொழியாகப் பங்கிடப்படும் காவல் பணியில் எப்போதும் யாரோ ஒருவருக்கு மனக்குறை இருக்கும். மிக நெருங்கிய நண்பரின் பெயர் அந்தப் பட்டியலில் எந்த நேரத்துக்கு எதிரே இருக்கிறது என்பதைத்தான் மற்ற அனைவரும் முதலில் பார்ப்பார்கள். மேலதிகாரிகளைக் கேலி செய்யும் பேச்சில் இனி நீங்கள் சேரக் கூடாது. அதைத் தடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், எழுந்து சென்றால் போதும். தவறைத் தனியே அழைத்துத் திருத்துங்கள். துப்பாக்கிப் பாதுகாப்பு விதியை மீறியவரை மட்டும் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தித் திருத்த வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறு மற்றவர்களின் உயிரோடு தொடர்புடையது.

கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சத்தை மட்டும் நம்பிய தலைமைக்கு நேர்ந்தது பற்றி ரோமானியப் படையிலிருந்து ஒரு பழைய செய்தி இருக்கிறது. லூசிலியஸ் என்ற செஞ்சூரியன் (சிறு படை அலகின் தலைவர்) தம் பதவியின் அடையாளமான திராட்சைக் கொடிப் பிரம்பை வீரர்களின் முதுகில் ஒடியும்வரை அடித்துவிட்டு, ‘இன்னொன்று கொடு’ என்று கேட்பாராம். அதுவே அவருக்குப் பட்டப்பெயரானது. கி.பி. 14இல் பன்னோனியா என்ற ரோமானிய மாகாணத்தில் படைவீரர்கள் கலகம் செய்தபோது முதலில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இக்காலத்தில் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. தலைவர் பார்க்காத இடத்தில் வேலை நின்றுவிடும், அவ்வளவுதான்.

கண்டிப்பு எங்கே செல்ல வேண்டும் என்பதை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் காட்டினார். 1943இல் பர்மா முனையில் பிரிட்டிஷ், இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் அடங்கிய 14ஆம் படையின் பொறுப்பை அவர் ஏற்றபோது, காயமடைந்து வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்ற நிலை இருந்தது. மலேரியாவைத் தடுக்க மெப்பாக்ரின் மாத்திரை இருந்தும் வீரர்கள் அதை விழுங்காமல் துப்பிவிட்டார்கள். அது ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் உலவியது. ஸ்லிம் எந்த நாளிலும் எந்தப் பட்டாலியனையும் (பல கம்பெனிகள் கொண்ட படை அலகு) திடீரென்று சோதிக்க உத்தரவிட்டார்; வீரர்களில் 95 விழுக்காட்டுக்குக் குறைவானவர்களிடமே மருந்தின் தடயம் இருந்தால், அந்தப் பட்டாலியனின் தலைவர் பதவியிழப்பார் என்றார். மூன்று பேரை நீக்கியதோடு மற்றவர்களுக்குச் செய்தி புரிந்துவிட்டது. இங்கே தண்டனை மாத்திரை விழுங்காத வீரருக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாம் ஒழுங்காக மாத்திரை விழுங்கிய தலைவரும் தப்பவில்லை; தம் ஆட்கள் விழுங்கினார்களா என்று உறுதிசெய்யாததுதான் அவருடைய குற்றம். உங்கள் பிரிவில் துப்பாக்கி சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்வது ஒரு விருப்பம். எல்லாத் துப்பாக்கிகளையும் கழற்றிப் பார்க்கும் நேரம் ஒன்றை ஒதுக்கி, அதைத் தவறாமல் செய்தால்தான் அது விதியாகிறது.

சோதித்துப் பார்ப்பதையும் எல்லாவற்றிலும் தலையிடுவதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்யப் படை, குறிப்பாக ஹெல்முட் ஃபொன் மோல்ட்கே தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில், எதை அடைய வேண்டும் என்பதைச் சொல்லி, எப்படி என்பதைக் கீழே உள்ளவரிடம் விட்டுவிடும் முறையை வளர்த்தது; களத்தில் செய்தி தாமதமாகும்போது கட்டளைக்காகக் காத்திருப்பவர் தோற்பார் என்பதே அதற்குக் காரணம். பிரிவுத் தலைவர் இதைச் சிறிய அளவில் தினமும் செய்யலாம். கட்டளை கொடுத்து முடித்ததும் ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இளையவர் ஒருவரை அழைத்து, நம் நோக்கம் என்ன, நான் அடிபட்டு விழுந்தால் அடுத்து நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் கட்டளை எங்கே குழம்பியது என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் அது எழுத்தில் ஏறாவிட்டால் பதவி உயர்வுக்கு உதவாது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் ‘கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உடையவர், எந்த வேலையையும் முகம் சுளிக்காமல் செய்வார்’ என்று எழுதப்பட்டிருந்தால், அது யாருக்கும் பொருந்தும் வாக்கியம். தேர்வுக் குழு அதைத் தாண்டிப் போய்விடும். ‘இவர் பொறுப்பேற்றபோது பிரிவில் நான்கு பேர் சுடும் தேர்வில் தேறாதிருந்தனர், ஆண்டு முடிவில் அனைவரும் தேறினர், அவர்களில் ஒருவர் இப்போது மற்றப் பிரிவுகளுக்கும் கற்பிக்கிறார்’ என்று எழுதப்பட்டிருந்தால் கை அங்கே நிற்கும். இத்தகைய விவரம் மேலதிகாரியின் நினைவில் தானாகத் தங்கியிருக்கும் என்று நம்புவது தவறு. அவருக்குக் கீழே பல பிரிவுகள் இருக்கின்றன. ஒரு சிறிய குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்து, அறிக்கை எழுதப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுங்கள். இதைத் தற்புகழ்ச்சி என்று நினைத்துத் தயங்குபவர்கள் பலர். சரிபார்க்கக்கூடிய உண்மையை மட்டும் எழுதினால் அது அறிக்கை எழுதுபவருக்குச் செய்யும் உதவி. ஆண்டின் நடுவிலேயே ஒருமுறை, எதில் குறை காண்கிறீர்கள் என்று அவரிடம் நேரில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. ஆண்டு முடிவில் கேட்டால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. பணி ஏட்டில் பயிற்சிச் சான்றுகள் ஏறியிருக்கின்றனவா, மருத்துவத் தகுதி நிலை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தகுதி இருந்தும் தாள் இல்லாமல் பின்தங்கியவர்கள் எல்லாப் படைகளிலும் உண்டு.

எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது என்றால், கிடைக்கும் வாய்ப்புகளில் பயிற்றுநர் ஆக்கும் பயிற்சியையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆயுதமோ, வரைபட வாசிப்போ, முதலுதவியோ, வயர்லெஸ் தொடர்போ, எதுவானாலும் சரி. பதக்கமும் பட்டையும் சேர்க்கும் ஆசையில் தொடர்பில்லாத ஐந்தாறு பயிற்சிகளுக்குப் போய்வந்தவரைவிட, ஒன்றில் ஆழமாகத் தேர்ந்து அதைக் கம்பெனி முழுவதற்கும் கற்பிப்பவர் எளிதில் கண்ணுக்குப் படுவார். அதன் பிறகு, களப் பணியை விட்டு ஓராண்டாவது செயல்பாட்டு அறையிலோ தளவாடப் பிரிவிலோ வேலை செய்யும் வாய்ப்பு வந்தால் மறுக்காதீர்கள். களத்து வீரர்கள் அந்த வேலையை இளக்காரமாகப் பேசுவார்கள். ஆனால் கட்டளைகள் எப்படி உருவாகின்றன, கேட்ட வெடிமருந்து ஏன் பாதிதான் வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் புரியும். அறிக்கையைச் சுருக்கமாக எழுதும் பழக்கமும் அங்கேதான் வரும். உடல் தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காயத்தை மறைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகாதீர்கள். கடன் சுமையையும் குறைத்து வையுங்கள், பல படைகளில் பாதுகாப்புச் சரிபார்ப்பின்போது அது கேள்வியாக எழும்.

கமிஷன் பற்றிய கேள்விக்குப் பிரிட்டிஷ் படைவீரர் வில்லியம் ராபர்ட்சனின் வாழ்க்கையை முன்வைக்கிறேன். கிராமத்துத் தையல்காரரின் மகனான அவர், 18 வயது நிறைவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1877இல் சாதாரண வீரராகக் குதிரைப்படையில் சேர்ந்தார், 1885இல் துருப்பு சார்ஜண்ட் மேஜர், 1888இல் கமிஷன். அன்றைய குதிரைப்படை அதிகாரியின் சம்பளம் அவர் செலவுக்கே போதாது. சொந்தப் பணம் உள்ளவர்களுக்கான வாழ்க்கை அது. செலவு குறைவு, சம்பளம் அதிகம் என்பதால் இந்தியாவுக்குச் சென்ற ரெஜிமென்ட் ஒன்றில் அவர் சேர்ந்தார். அவருடைய சீருடைகளைத் தந்தையே தைத்துக் கொடுத்தார். உணவு வேளையில் மற்றவர்கள் மது அருந்த, இவர் தண்ணீர் குடித்தார். வெயில் கொளுத்தும் பிற்பகல்களில் பிறர் தூங்கும்போது ஆசிரியர் வைத்து உருது, இந்தி, பாரசீகம், பஷ்தோ, பஞ்சாபி ஆகிய மொழிகளைக் கற்றார். தேர்ச்சிக்கு அரசு கொடுத்த ரொக்கத் தொகை வருமானமானது, மொழியறிவு உளவுத்துறைப் பணிக்கு வழி திறந்தது. கீழிருந்து வந்தவர்களில் முதல்வராக, உயர் பொறுப்புகளுக்கு அதிகாரிகளைப் பயிற்றும் கேம்பர்லி பணியாளர் கல்லூரியில் நுழைந்து படித்த அவரே, 1910இல் அதன் தலைவராகவும் ஆனார். 1920இல் தரைப்படையின் மிக உயர்ந்த பதவியான ஃபீல்ட் மார்ஷல். பிரிட்டிஷ் தரைப்படையில் அடிமட்ட வீரர் நிலையிலிருந்து அந்தப் பதவியை எட்டியவர் அவர் ஒருவரே.

ஒருவரே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று வழிகள் பல மடங்கு அகலமாக இருக்கின்றன. ஆனாலும் முப்பதை நெருங்கிக் கமிஷன் பெறுபவர், தம்மைவிட ஆறேழு வயது இளையவர்களோடு மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்குகிறார், உயர்நிலைப் பதவிகளை எட்டுவதற்குள் ஓய்வு வயது நெருங்கிவிடுகிறது. வேலையின் தன்மையும் மாறும்: வீரர்களோடு கழிக்கும் நேரம் குறையும், திட்டமிடல், எழுத்து வேலை, இடமாற்றம் எல்லாம் கூடும். அந்த வேலை பிடிக்கும் என்றால் வயது வரம்பு முடிவதற்கு முன் முயலுங்கள். பெயருக்கு முன் வரும் பட்டத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். அனுபவம் வாய்ந்த சார்ஜண்ட் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, புதிதாக வந்த லெப்டினன்ட்டின் நீண்ட உரைக்கு இல்லாத எடை பல பட்டாலியன்களில் இருக்கிறது. மேலும், இருபத்திரண்டு வயது லெப்டினன்ட் ஒருவரைச் சங்கடப்படுத்தாமல், அவருடைய தவறான முடிவைத் தனியே எடுத்துச் சொல்லித் திருத்துவதும் கற்பித்தலின் ஒரு வகையே. அதில் தேர்ந்தவர்களைப் படைகள் எளிதில் இழக்க விரும்புவதில்லை.

கடைசியாக, சிறந்த வீரர்கள் பயிற்சிகளுக்குத் தேர்வாகாமல் போவதற்கு வெளியே பேசப்படாத ஒரு காரணம் உண்டு. மூன்று மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்போது, அவருடைய பிரிவை யார் பார்த்துக்கொள்வார் என்பதே கம்பெனித் தலைவரின் முதல் கவலை. எல்லாவற்றையும் தாமே செய்யும் திறமைசாலியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது; சுமாரானவர் போனால் இழப்பில்லை என்று அவரை அனுப்பிவிடுவார். கேள்வி கேட்டவருக்கு நடந்திருப்பதும் இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். எனவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன், இரண்டாம் ஆளை இப்போதே தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பிரிவின் காலை அணிவகுப்பு முதல் மாலை ஆயுதச் சரிபார்ப்பு வரை அவரே நடத்தட்டும். நீங்கள் விடுப்பில் போகும்போது முழுப் பொறுப்பும் அவருடையதாகட்டும். சில மாதங்கள் கழித்துப் பயிற்சிக்கான விண்ணப்பத்தோடு கம்பெனித் தலைவரிடம் செல்லும்போது, நான் இல்லாத நாட்களில் பிரிவை நடத்தப்போகிறவர் இவர், இன்ன தேதியிலிருந்து நடத்திக்கொண்டிருக்கிறார் என்று அவரையும் உடன் அழைத்துச் சென்று சொல்லுங்கள்.